இன்றைய மழை: சைபர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நின்ற மண்மேட்டில் வெடிப்பு விழுந்ததை முதலில் பார்த்தவள் அக்கா. விறகு எடுக்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்து, மேலே ஏதோ கோடு கிழித்த மாதிரி இருக்கிறது என்றாள். மேடு என்றதும் பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடுகிற மேடு என்று நினைத்துவிடாதீர்கள். கூரையைவிட உயரமாகச் செங்குத்தாக வெட்டி விட்ட மண்சுவர் அது. வெள்ளைக்காரன் காலத்தில் லயம் கட்ட இடம் போதாமல் மலையைக் கடித்து எடுத்திருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவுக்கு ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் திண்ணை, அவ்வளவுதான் வீடு. மேட்டை ஒட்டிய கடைசிக் காம்பரா எங்களுடையது.

அம்மா ஒரு மழைநாளில் மலையில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவள். கொழுந்துக் கூடையோடு போனவளைச் சாக்குப் படங்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். அதன் பிறகு தடியை ஊன்றி இஸ்தோப்புவரை வருவாள். அதற்கு மேல் போவதென்றால் யாராவது தூக்க வேண்டும். அக்கா மலைக்குப் போவாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் சொல்லிக்கொடுக்கப் போவேன். பகல் முழுக்க அந்த மேட்டின் அடியில் அம்மா தனியாக இருப்பாள். மேடு சரிந்து இறங்கினால் லயத்தில் மற்ற எல்லோரும் ஓடிவிடலாம், அவளால் முடியாது. அந்த வருடம் முழுவதும் என் மண்டைக்குள் இருந்தது இது ஒன்றுதான்.

‘வேறு எங்காவது போயிருக்கலாமே’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நன்றாகக் கேட்பார்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவளுக்குத்தான் காம்பரா. அதை விட்டால் டிக்கோயா டவுனில் ஒரு அறைக்கு வாடகை கொடுக்க எங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தாலும் எட்டாது. தோட்டத்துக் காணியில் ஒரு குச்சி நட முடியாது, வாட்சர் வந்து பிடுங்கிப் போட்டுவிடுவான். நாங்கள் கேட்டது மாளிகை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மேலே, பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சும்மா போட்டிருந்த ஒரு சமதரை இருந்தது. எங்கள் லயத்துக் குடும்பங்கள் அங்கே தகரம் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்றுதான் கேட்டோம்.

தோட்டத்து யூனியன் தலைவர் எங்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனார். துரை, காணி விஷயம் தன் கையில் இல்லை, மேலே கேளுங்கள் என்றார். மேலே என்றால் நுவரெலியாக் கச்சேரி, அரசாங்க அலுவலகம். அங்கிருந்த அதிகாரி சிங்களவர், தன்மையான மனிதர். நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார். எல்லாத் தோட்டத்திலிருந்தும் இதே முறைப்பாடுதான் வருகிறது, யாரை முதலில் நகர்த்துவது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். உங்கள் பக்கம் எவ்வளவு மழை விழுகிறது என்பதற்கு ஒரு பதிவு கொண்டு வாருங்கள், அதை வைத்து மேலே எழுதுகிறேன் என்றார்.

டிக்கோயாவுக்கு மேலே மழை பெய்கிறதா என்று கேட்கிற மனிதரிடம் என்ன பேசுவது? கட்டிலுக்கடியில் பூஞ்சணம், கொடியில் கிடக்கிற துணி ஒரு வாரமானாலும் காயாது, எங்கள் தோலைப் பிழிந்தால் தண்ணீர் வரும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அம்மாவுக்காக விழுங்கினேன்.

தோட்டத்து மழைக் கணக்கைக் காணி கேட்கிறவர்களுக்குத் துரை எழுதித் தர மாட்டார் என்பது தெரிந்த கதை. அப்போதுதான் எங்கள் விஞ்ஞான சேர் தலையிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். குளிருக்குக் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார். பிள்ளைகளுக்கு அவர் பேச்சில் பாதி விளங்காது, அவருக்குப் பிள்ளைகள் பேச்சில் பாதி விளங்காது. பாடசாலைகளுக்கு வானிலைக் கருவி கொடுக்கிற ஏதோ ஒரு வெளிநாட்டுத் திட்டத்துக்கு அவர் எழுதிப் போட்டிருந்தார். நானும் பள்ளிக்கூடத்து அதிபரும் அதைக் கேலி பண்ணி மறந்தே போயிருந்தோம். ஒருநாள் பெட்டியே வந்து இறங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த திட்டில் ஒரு கம்பம் நட்டார்கள். உச்சியில் காற்றில் சுற்றுகிற கிண்ணங்கள், பக்கத்தில் மழை பிடிக்கிற புனல். அங்கிருந்து ஒரு வயர் கம்பியூட்டர் அறையில் இருந்த சின்னப் பெட்டிக்கு வந்தது. அந்தப் பெட்டியைக் கம்பியூட்டரில் மாட்டினால் மழை, காற்று, குளிர் எல்லாம் எண்ணாக வரும். சேர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“எங்கட மழையை நாங்களே அளந்து இன்டர்நெற்றில போடுவம் டீச்சர். கச்சேரியில இருந்தும் பாக்கலாம், கொழும்பில இருந்தும் பாக்கலாம். பிறகு ஒருத்தரும் மறைக்கேலாது.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை. அம்மாவின் உயிருக்கு நான் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது என் கைக்கு வருகிற வேலை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இணையத்தளம் அமைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கொம்யூனிகேஷன் கடை இருந்தது. போட்டோ கொப்பி, டெலிபோன், மூலையில் இன்டர்நெற். சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்காருவேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு வரலாம். மற்றவர்களின் பக்கங்களைத் திறந்து அவை எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்துப் பார்த்துத் திருடினேன். இலவசமாக இடம் கொடுக்கிற ஒரு தளத்தில் எங்கள் பக்கத்தை வைத்தேன். இலவசம் என்பதால் மேலே விளம்பரம் ஓடும். எங்கள் மழைக்கு மேலே எப்போதும் ஒரு வெள்ளைக்காரப் பெண் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆசை ஆசையாகத் தமிழில் தட்டிக்கொண்டு போனதெல்லாம் அட்டன் கடையில் சதுரம் சதுரமாக வந்தது. தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றினேன். கச்சேரிக்காரருக்குச் சதுரமா விளங்கும்?

பக்கம் பார்க்க எளிமையாகத்தான் இருந்தது. மேலே இன்றைய மழை, அதன் கீழே மணிக்கு மணி விழுந்த மழை, அடியில் மாதத்துக் கூட்டுத்தொகை. பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டர் மணிக்கொரு தரம் டெலிபோன் வழியாகக் கீச்சுக் கீச்சென்று கத்தி எண்ணை அனுப்பும். முதல் தடவை அது தானாகப் போய்ச் சேர்ந்தபோது சேர் மப்ளரைக் கழற்றி மேலே வீசினார். அவரிடம் அப்படியொரு பிள்ளைத்தனம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாசி மாதம், நல்ல வெயில். தலைவரும் அதிபரும் லயத்து ஆட்களும் பக்கத்தைப் பார்க்க வந்தார்கள். கம்பியூட்டர் அறையில் நிற்க இடமில்லை. எல்லோர் கண்ணும் ஒரு இடத்தில்தான் போய் நின்றது. சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் கோடு இருந்தது. அதிபர் கரண்ட் பில்லுக்குப் பயந்து மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போன நேரங்கள் அவை. பெட்டியிலிருந்து எண் வரவில்லை என்றால் கோடு போடும்படி நானும் சேரும் எழுதியிருந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் மழைக் கணக்கு தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலில் ஒரு கரும்பலகையில் இருக்கும். காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்கிற நேரத்தில் முதல் நாள் மழையை அதில் எழுதுவார்கள். மாதம் முடிந்ததும் அழித்துவிடுவார்கள். மழை பெய்யாத நாளுக்கு எதையும் எழுத மாட்டார்கள். சைபர் என்று அந்தப் பலகையில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் வெறுங்கட்டம் என்றால் வெயில்தான். எழுதாமல் விட்டுப்போன நாள் என்று ஒன்று இருக்கும் என்பதே எங்களுக்குத் தோன்றாது.

தலைவர் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“அது என்னாங்க கோடு? மெசினு பழுதுன்னு நெனைச்சு கச்சேரிக்காரரு தூக்கிப் போட்டுருவாரு. வெறுமையா இருந்தா மழை இல்ல, சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதுல எல்லாம் சைபரப் போட்டு விடுங்க டீச்சர்.”

அதிபரும் அதையே சொன்னார். லயத்து ஆட்களும் தலையை ஆட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நானும் அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்தவள்தானே. சேர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“இல்லைத் தலைவர். மழை பெய்யேல்லை எண்டது வேற, பெய்ததோ தெரியாது எண்டது வேற.”

தலைவர் விட்டுக்கொடுக்கிற ஆளா? சேரின் ஊரில் மழை எப்போதாவது வருகிற விருந்தாளி, அதனால்தான் அவருக்கு இந்தச் சந்தேகமெல்லாம் என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. சேர் காதுப் பஞ்சைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார். நான் கோட்டை எடுத்துவிட்டுச் சைபர் போட்டேன். பக்கம் பார்க்கத் துப்புரவாக இருந்தது. எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று.

வைகாசிக் கடைசியில் மழைக்காற்று வந்தது. சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டம் ஓய்ந்து, அந்தக் கூட்டத்தை ஏற்றிப்போகிற நல்லதண்ணி பஸ்களெல்லாம் காலியாக ஓடத் தொடங்கியிருந்த நாட்கள். முதல் நாள் மழையிலேயே கரண்ட் போய்விட்டது. அடுத்து ஒரு சவுக்கு மரம் டெலிபோன் கம்பியின் மேல் விழுந்து, பள்ளிக்கூடத்துக்கும் ஸ்டோருக்கும் சேர்த்துப் பேச்சு அறுந்தது. கம்பியூட்டர் செத்துக் கிடந்தது. நாங்கள் அதற்காகக் கவலைப்படவில்லை. சின்னப் பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே எல்லாம் பதிவாகிறது, கம்பி சரியானதும் மொத்தமாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று இருந்தோம். எங்களுக்கு வேறு கவலை இருந்தது.

மேட்டு வெடிப்பில் முதலில் விரல் நுழைந்தது. பிறகு கை நுழைந்தது. அக்காவும் பக்கத்துக் காம்பரா ஆட்களும் களிமண்ணை அடைத்து, மேலே பழைய படங்குகளை விரித்துக் கல் வைத்தார்கள். மழை அதை இழுத்துக்கொண்டு போகும், திரும்பவும் விரிப்பார்கள். பின்சுவரில் காது வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று அம்மா சொன்னாள். வாயை மூடு என்று அவளைத் திட்டினேன். பயத்தில் எனக்கு வருவது கோபம் ஒன்றுதான்.

பொழுதுபட்டதும் அம்மாவை ஒரு நாற்காலியில் வைத்து நாலு பேர் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போவார்கள். காலையில் பிள்ளைகள் வருமுன்னே திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. பாதை நெடுகக் குடைக்கடியில் முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

“இன்னும் உசுரு இருக்குடி எனக்கு. அதுக்குள்ள நாலு பேரு தூக்குறாங்க.”

தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் குடையை அவள் பக்கம் சரிப்பேன்.

இடையில் கரண்ட் வரும், போகும். டெலிபோன் வரவே இல்லை. அட்டனுக்குப் போய்ப் பக்கத்தை ஒருதரம் பார்த்திருக்கலாமே என்றால், அம்மாவை யார் பார்ப்பது? ரோட்டில் மண் விழுந்து பஸ் பாதி நாள் ஓடவில்லை. ஒரு வழியாக மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு கிழமையில் கம்பி கட்டினார்கள். அன்றைக்கே தலைவர், இனிப் பொறுக்க ஏலாது, கச்சேரிக்குப் போவோம், எல்லாப் பதிவும் இன்டர்நெற்றில் இருக்கிறதே என்றார். மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் நானும் அவரும் நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம்.

அதிகாரி எங்களை மறக்கவில்லை. எழுந்து நின்று வரவேற்றார். பக்கத்தின் முகவரியை மாசியிலேயே அவருக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். அவர் அதைத் தட்டிவிட்டு, பக்கம் திறக்கும்வரை எங்களுக்கு டீ வரவழைத்தார். வெள்ளைக்காரப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு எண்கள் வந்தன. அவர் நெடுநேரம் பார்த்தார். கீழே இறக்கினார், மேலே ஏற்றினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

சைபர். சைபர். சைபர். எங்கள் மேட்டைப் பிளந்த மழை, டெலிபோன் கம்பியை அறுத்த மழை, அம்மாவைக் குடைக்கடியில் தூக்கிப் போன மழை, அத்தனை நாளும் சைபர். கரண்ட் இருந்த, கம்பி இருந்த, அதாவது வெயில் அடித்த நாட்களில் விழுந்த சின்னத் தூறல்கள் மட்டும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. கம்பி கட்டினதும் கம்பியூட்டர் அந்த மணியின் எண்ணை மட்டும் அனுப்பியிருக்கிறது. நடுவில் விடுபட்ட இடமெல்லாம் வெறுமை. வெறுமை என்றால் சைபர் போடச் சொல்லியிருந்தோமே, அது போட்டிருந்தது. அடியில் மாதக் கூட்டுத்தொகை எங்களைப் பார்த்து இளித்தது.

அதிகாரி சிங்களத்தில் மெதுவாகத்தான் சொன்னார். நீங்கள் செய்த பக்கம் இது, உங்கள் கணக்கு இது, இதன்படி பார்த்தால் என் வீட்டுத் தோட்டத்தில் இதைவிடக் கூடுதல் மழை. இதை வைத்து உங்களை எப்படி முதலில் போடுவேன்? அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெசின், கரண்ட், கம்பி, பலகை என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் உளறினேன். ஏற்கெனவே அவர் பக்கத்தைப் பார்த்துத் தன் அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டாராம். உங்கள் பக்கம் அவசரமில்லை என்று எழுதியாகிவிட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்து கச்சேரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும். தலைவர் பக்கத்தில் நின்று வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார், துப்ப மறந்துவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் துப்பிவிட்டுச் சொன்னார்.

“நம்ம கையாலயே நம்ம வாயில மண்ணப் போட்டுக்கிட்டோம் டீச்சர்.”

பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் சேர்மேல் பாய்ந்தேன். நீங்கள்தானே இந்தச் சனியனைக் கொண்டு வந்தீர்கள், எங்கள் பாட்டில் இருந்திருப்போம், எங்களிடம் ஒன்றுமே இல்லாமல் போயிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். நான் அண்டைக்கே சொன்னனான் என்று அவர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை நின்றுவிட்டு, சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

பெட்டிக்குள் கொஞ்சம் இருந்தது. அதற்கு நினைவு சிறிது. புதிய எண் வர வரப் பழையதை அழித்துக்கொண்டே போகும். பெருமழை நாட்கள் போய்விட்டன, அவற்றை இனிக் கடவுளாலும் எடுக்க முடியாது. எஞ்சியதை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் ஏற்றினோம். எண் வராத கட்டங்களில் கோட்டைத் திரும்பப் போட்டேன். அதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது, கரண்டும் கம்பியும் வழக்கம்போல் போயின. இந்தத் தடவை நாங்கள் கம்பியை நம்பவில்லை. பெட்டியின் சின்னத் திரையில் வருகிற எண்களைச் சேர் பகல் முழுக்கத் தாளில் எழுதித் தருவார். நான் அதைப் பொலித்தீனில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பஸ் ஓடினால் பஸ்ஸில், ஓடாவிட்டால் நடந்து அட்டனுக்குப் போய், கடை மூலையில் நனைந்த பாவாடையோடு உட்கார்ந்து தட்டிவிட்டு வருவேன். கடைக்காரர் என் நாற்காலியில் மட்டும் ஒரு சாக்கு விரித்து வைத்திருந்தார்.

இப்போது பக்கத்தில் மழை தெரிந்தது. எங்கள் மழை, உள்ளது உள்ளபடி. ஒருநாள் கடையிலிருந்தே கச்சேரிக்கு போன் எடுத்தேன். அதிகாரி, பொறுங்கள், திறந்து பார்க்கிறேன் என்றார். அவர் பார்க்கிறவரை ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். பிறகு, இது உண்மையா மிஸ் என்று கேட்டார். வந்து பாருங்கள் என்றேன். வருகிறேன் என்றார். நானே வந்து பார்த்து அன்றைக்கே எழுதுகிறேன், இப்போது உங்கள் ரோட்டில் ஜீப் ஏறாது, வெயில் வரட்டும், முதல் வெயிலுக்கு வருகிறேன் என்றார்.

கடையை விட்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. அந்த மழையிலேயே மாணிக்கப்பிள்ளையார் கோவில் வாசலில் போய் நின்று கும்பிட்டேன். லயத்துக்கு வந்து சொன்னதும் எல்லோரும் அதையே செய்தார்கள். வெயில் வரட்டும், வெயில் வரட்டும் என்று லயமே நேர்ந்துகொண்டது. அம்மாவை இனிப் பகலிலும் காம்பராவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அதிபரிடம் சண்டை பிடித்து, கம்பியூட்டர் அறை மூலையிலேயே படுக்க வைத்தேன். அவளுக்கு ஒரே எரிச்சல். பிள்ளைகளெல்லாம் எட்டிப் பார்க்கின்றன, மிருகக்காட்சிச் சாலையில் வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். வெயில் வந்ததும் ஜீப் வரும், ஜீப் வந்தால் புது இடம், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெயில் வந்தது. கேட்டபடியே வந்தது. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் மலையெல்லாம் கண் கூசுகிறது. கரண்ட் இருந்தது. முதல் நாளே டெலிபோன்காரர்கள் கம்பியையும் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதிகாரி பள்ளிக்கூடத்துக்கே போன் எடுத்து, மதியத்துக்குப் பிறகு வருகிறேன் என்றார். நான் ஓடி ஓடி எல்லோருக்கும் சொன்னேன். லயத்தில் கம்பளி, தலையணை, சாக்கு எல்லாம் வெளியே வந்து வேலியில் ஏறின. மழை நாளில் மேட்டைப் பார்த்து நடுங்கிய சனம் அன்றைக்கு அதை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. மழை பெய்தால் பயம், விட்டால் பயமும் விட்டது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான். நானும்.

கம்பியூட்டர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. படுக்கையிலிருந்து அம்மா தலையைத் தூக்கினாள்.

“என்னா புள்ள, இன்னைக்கி ஒம் பொட்டியில என்னா போட்டிருக்கு?”

“சைபர்ம்மா. மழை இல்ல.”

“அப்ப என்னைய வீட்டுல கொண்டு போயி விடச் சொல்லு. தொரைமாரு வர்ற நேரம் இங்கிட்டு அழுக்கோட கெடக்கச் சொல்றியா? குளிச்சிட்டு, இஸ்தோப்புல உக்காந்து கொஞ்சம் வெயிலு காயிறேன்.”

எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அன்றைக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் நிறைய வந்திருந்தார்கள், அதிபர் கதவோரம் வந்து வந்து போனார். நாலு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். வெயிலில், குடையில்லாமல் போவது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. வழியில் தூக்குகிறவர்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டே போனாள். அக்கா மலைக்குப் போகுமுன் அவளைக் குளிப்பாட்டி, இஸ்தோப்பில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். நான் அதிகாரிக்குக் காட்டுவதற்காக மழைப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டிருந்தேன்.

லொறியில் கல் கொட்டின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஸ்டோருக்கு விறகு இறக்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மேலே மலையிலிருந்து பொம்பிளைகள் கத்துகிற சத்தம். கையிலிருந்த தாளோடு ஓடினேன்.

வேலியில் காய்ந்த கம்பளிகள் அப்படியே இருந்தன. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஓடித் தப்பியிருந்தார்கள். கடைசிக் காம்பரா இருந்த இடத்தில் செம்மண் ஈரமாகக் கிடந்தது, மேலே பளீரென்று வெயில். நாங்கள் கையால் தோண்டினோம். மலையிலிருந்து வந்தவர்கள் கத்தியால், மண்வெட்டியால் தோண்டினார்கள். நாற்காலியின் கால்தான் முதலில் தெரிந்தது.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஜீப்பை விட்டு இறங்கி, சப்பாத்தோடு மண்ணுக்குள் வந்து எங்களோடு சேர்ந்து அள்ளினார். பிறகு எழுந்து நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை பெய்யவில்லையே என்று சிங்களத்தில் சொன்னார். நாங்கள் அள்ளிக்கொண்டிருந்தோம். திரும்பவும் அதையே சொன்னார்.

குடித்த தண்ணீரை மேடு உள்ளே வைத்துக்கொண்டிருந்து, வெயிலில்தான் இறங்கியது என்று பிற்பாடு வந்த பெரிய ஆட்கள் விளக்கினார்கள். விளக்கம் கேட்க நல்லாத்தான் இருந்தது. சமதரையும் கிடைத்தது. அதிகாரி தன் வாக்கைக் காப்பாற்றினார், அந்தக் கிழமைக்குள்ளேயே தகரம் வந்து இறங்கியது. எங்கள் குடிசையில் அக்காவும் நானும் மட்டும்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று சேர் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த நாள் திறந்திருந்தது. மணிக்கு மணி ஒரு கட்டம் விடாமல் எண் வந்திருந்தது. கரண்ட் போகவில்லை, கம்பி அறுபடவில்லை. எல்லாம் சைபர். சேர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“டீச்சர், அண்டையான் நாளுக்கு மட்டும் கோடு போட்டு விடட்டே?”

“வேணாம் சேர். சைபராவே இருக்கட்டும். அன்னைக்கி மழை இல்ல. அம்மா கேட்டப்ப நான் சைபர்னுதான் சொன்னேன்.”